உப்பைக் குறைத்துக்கொண்டவர்கள்

உப்பு மிகப் பழைய வரிப்பொருள் என்று 1776-இல் ஆடம் ஸ்மித் எழுதினார். ஒருவர் ஆண்டு முழுக்கத் தின்னும் உப்பு கொஞ்சம். அதையும் சிறுகச் சிறுக வாங்குகிறார். அதனால் கனமான வரிகூட உறைக்காது என்பதே ஆட்சியாளர்களின் எண்ணம் என்றும் குறித்தார். அத்தியாவசியப் பொருளுக்கு வரி ஏறினால் கூலியும் ஏறும் என்பது அவர் கணிப்பு.

அந்தக் கணிப்பை அனுமந்தை, மரக்காணம் உப்பளக் கரையில் நின்றுதான் சோதிக்க வேண்டும். கழிநீரைப் பாத்தியில் கட்டி, வெயிலில் விளையவிட்டு, பலகையால் வாரினால் உப்பு. எடுப்பது எளிது, காவல் போடுவதும் எளிது. 1805-இல் சென்னை மாகாணத்து உப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. ஏழையிடம் நேர்முக வரி வாங்க முடியாது, ஆகவே உப்பு வரியே நியாயம் என்று 1869-இல் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் ஆர்கைல் பிரபு வாதிட்டார்.

அடுத்து வந்தது தாது வருடப் பஞ்சம். மாகாணமே செத்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளின் முடிவில், 1878-இல், மணங்குக்கு (சுமார் 37 கிலோ) இரண்டரை ரூபாயாக வரி ஏறியது. வடக்கே உப்புக் கடத்தலைத் தடுக்க இருந்த சுங்க வேலியை நீக்க நாடெங்கும் வரியைச் சமப்படுத்துகிறோம் என்றார்கள். கணக்குப்படி அது சீர்திருத்தம்தான். பட்டினியில் கிடந்தவனுக்கு அது கொடுமை. 1882-இல் இரண்டு ரூபாயாக இறங்கிய வரி, 1888-இல் மறுபடி இரண்டரையானது.

உப்பு வரி உறைக்காது என்ற கோட்பாட்டின் ஓட்டையைத் தெளிவாகக் காட்டியவர் கோபால கிருஷ்ண கோகலே. 1902-இல் கல்கத்தா சட்டசபையில் முதல் பட்ஜெட் உரையிலேயே அரசின் புள்ளிவிவரங்களை அரசுக்கு முன் விரித்தார். வரி ஏறியபின் உப்பு விற்பனை மக்கள் பெருக்கத்துக்கு ஈடாக வளரவில்லை. உறைக்காத வரி என்றால் வாங்குவது ஏன் தேங்க வேண்டும்? ஏழை கூலி உயர்வு கேட்கவில்லை, கஞ்சியில் உப்பைக் குறைத்துக்கொண்டான். மாட்டுக்கும் குறைத்தான். இந்த உண்மையைக் கண்டதை நம் பொருளியலின் பெரிய சாதனைகளில் ஒன்றாகவே கருதுகிறேன்.

1903-இல் இரண்டு, 1905-இல் ஒன்றரை, 1907-இல் ஒரு ரூபாய் என வரி இறங்கியது. விற்பனை ஏறியது. ஆனாலும் 1923-இல் சட்டசபை மறுத்தும் வைஸ்ராய் ரீடிங் தன் தனியதிகாரத்தால் வரியை இரண்டரை ரூபாயாக உயர்த்தினார். வரி முற்றிலும் ஒழிந்தது 1947-இல்தான்.

1897-இல் லண்டனில், இந்திய அரசின் செலவுகளை ஆராய்ந்த வெல்பி குழுவின் முன் கோகலேயைப் போலவே சாட்சி சொன்ன தமிழர் ஒருவர் உண்டு: ‘சுதேசமித்திரன்’ ஜி. சுப்பிரமணிய ஐயர். அடுத்த வாரம் அவருடைய 1903-ஆம் ஆண்டு நூலைப் பார்ப்போம்.