சந்தாத் தள்ளுபடியும் ஆள்தேர்வும்: மருத்துவக் காப்பீட்டு வெகுமதித் திட்டங்கள் குறித்து

தென்னாப்பிரிக்காவில் அட்ரியன் கோர் நிறுவிய டிஸ்கவரி காப்பீட்டுக் குழுமம் 1997-இல் ‘வைட்டாலிட்டி’ என்ற வெகுமதித் திட்டத்தைத் தொடங்கியது. உடற்பயிற்சி செய்தால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் சலுகை என்பது ஏற்பாடு. சலுகைகளில் பெயர்பெற்றது ஜிம் சந்தாத் தள்ளுபடி. வர்ஜின் ஆக்டிவ், பிளானட் ஃபிட்னஸ் போன்ற பெரிய ஜிம்களில் 75% வரை கட்டணம் குறையும். வைட்டாலிட்டி தொடங்கிய அடுத்த ஆண்டு அந்நாட்டு நாடாளுமன்றம் மருத்துவத் திட்டங்கள் சட்டத்தை இயற்றியது. அதன்படி, ஒரே திட்டப் பிரிவில் இருக்கும் இருபத்தைந்து வயது ஓட்டக்காரரிடமும் அறுபது வயது நீரிழிவுக்காரரிடமும் ஒரே பிரீமியத்தைத்தான் வாங்க வேண்டும். நோயாளி என்பதற்காக யாரையும் சேர்க்க மறுக்கக் கூடாது. வைட்டாலிட்டியோ மருத்துவத் திட்டத்துக்கு வெளியே, தனிக் கட்டணத்துடன், தனி வணிகமாக நிற்கிறது. சட்டம் பிரீமியத்தில் தடுத்த பாகுபாடு சலுகையின் வடிவில் உள்ளே வர இங்கே வழி இருக்கிறது.

ஜிம் தள்ளுபடி உடல்நலத்தை உண்டாக்குவதைவிட, ஏற்கெனவே நலமாக இருப்பவர்களைப் பொறுக்கியெடுக்கும் வேலையையே அதிகம் செய்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். தள்ளுபடி பெறுபவர் ஏமாறுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்குப் பணம் மிச்சந்தான். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி.

காப்பீட்டாளருக்கு நெடுங்காலமாக இருக்கும் கவலை, நோய் வரும் என்று எதிர்பார்ப்பவர்களே விரும்பி வந்து சேர்கிறார்கள் என்பது. பொருளியலில் இதைப் பாதகத் தேர்வு என்பார்கள். சேர்க்க மறுக்கவும் பிரீமியத்தை உயர்த்தவும் சட்டம் விடாதபோது, நலமானவருக்கு மட்டும் இனிக்கும் ஒன்றைக் கடைவாசலில் வைப்பது எளிய தந்திரம். மூட்டுத் தேய்மானத்தால் மாடிப்படி ஏற முடியாதவருக்கு இலவச டிரெட்மில்லால் என்ன பயன்? அவர் வேறு பாலிசியைப் பார்ப்பார். யாரும் அவரை விரட்டவில்லை, அவராகவே போய்விட்டார் என்று கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களுக்கான மெடிக்கேர் அட்வான்டேஜ் திட்டங்களைத் தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன. உறுப்பினரின் உடல்நிலையைப் பார்த்துக் கட்டணத்தை மாற்ற அங்கும் அனுமதியில்லை. ஆனால் ஜிம் உறுப்பினர் அட்டையைக் கூடுதல் சலுகையாகத் தரலாம். அலிசியா கூப்பரும் அமல் திரிவேதியும் 2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு, அச்சலுகையைப் புதிதாகச் சேர்த்த 11 திட்டங்களை எடுத்துக்கொண்டது. சலுகை வந்தபின் சேர்ந்தவர்களில், தம் உடல்நிலை ‘மிக நன்று’ அல்லது அதற்கும் மேல் என்று சொன்னவர்களின் பங்கு, முன்பே சேர்ந்திருந்தவர்களிடம் இருந்ததைவிட 6.1 சதவீதப் புள்ளி அதிகம். சேர்ந்த பிறகு டிரெட்மில்லில் ஓடி அவர்கள் நலமடையவில்லை. நலமாகவே வந்து சேர்ந்தார்கள்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜோன்ஸ், மோலிட்டர், ரைஃப் ஆகிய மூவர் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. ஏறத்தாழ 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் நலவாழ்வுத் திட்டத்தில் சேரும் வாய்ப்பைக் கொடுத்தார்கள். திட்டத்தில் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் மட்டும் ஒப்பிட்டால் சேர்ந்தவர்களே நலமானவர்கள். திட்டம் வெற்றி என்று அறிக்கை எழுதிவிடலாம். வாய்ப்புப் பெற்ற குழு முழுவதையும் பெறாத குழுவோடு ஒப்பிட்டபோது மருத்துவச் செலவிலும் ஜிம்முக்குப் போவதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. சேர்ந்தவர்களின் மருத்துவச் செலவு திட்டம் தொடங்கும் முன்பே குறைவாக இருந்தது. காப்பீட்டு நிறுவனங்களின் விளம்பரங்களில் வரும் ‘எங்கள் சுறுசுறுப்பான உறுப்பினர்கள் குறைவாகவே மருத்துவமனைக்குப் போகிறார்கள்’ என்ற வகைக் கூற்றுகளை இந்த ஒரே ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் போதும்.

மறுதரப்பிலும் சான்றுகள் உண்டு. வைட்டாலிட்டியில் சேர்ந்தவர்களும் சேராதவர்களுமாக டிஸ்கவரி மருத்துவத் திட்ட உறுப்பினர்கள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஐந்தாண்டுப் பதிவுகளைக் கொண்டு 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வாரத்துக்கு இரண்டு முறை கூடுதலாக ஜிம்முக்குப் போனால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 13% குறைகிறது என்றது. பெரிய தரவு, தொடக்க உடல்நிலையையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். ஆனால் அதில் குலுக்கல் இல்லை. ஒருவர் திடீரென ஜிம்முக்குப் போவதைக் கூட்டுவது உடம்பு தேறியதாலும் இருக்கலாம். இதைவிட என்னைத் தயங்கவைப்பது சார்னஸும் நீஸியும் 2009-இல் வெளியிட்ட சோதனைதான். மாணவர்களுக்குப் பணம் கொடுத்து ஒரு மாதத்தில் எட்டு முறை ஜிம்முக்கு வரச்செய்தார்கள். பணம் நின்றபின்பும் பலர் வருவதை விடவில்லை. ஆக, காசு பழக்கத்தை மாற்றும். ஆனால் மாற்றம் யாரிடம் தெரிந்தது? முன்பு வழக்கமாக ஜிம் பக்கம் போகாதவர்களிடம். காப்பீட்டு வெகுமதியில் பெரும்பங்கு போவது ஏற்கெனவே போகிறவர்களுக்கு. சோதனையில் பலித்த மருந்தை நாம் நோயில்லாதவருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சந்தாவுக்கே ஒரு தனிக் கோளாறு இருக்கிறது. டெல்லவிக்னா, மல்மென்டியர் இருவரும் மூன்று அமெரிக்க ஜிம்களின் 7,752 உறுப்பினர்களை ஆராய்ந்து 2006-இல் எழுதிய கட்டுரையின்படி, மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் வந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. பத்து வருகைச் சீட்டு வாங்கியிருந்தால் வருகைக்கு 10 டாலரில் முடிந்திருக்கும். நம்மூரில் ஜனவரி மாத ஜிம் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இப்படிப்பட்டவருக்குச் சந்தாவில் கிடைக்கும் தள்ளுபடி, வீணாகும் பணத்தின் அளவைக் குறைக்கிறது, அவ்வளவே. வருகைக்கு ஏற்பத் திருப்பித்தரும் திட்டம் அவரைப் பொறுத்தவரை மேல்.

இந்தியாவுக்கு இந்த முறை வந்த வழிகளில் ஒன்று தென்னாப்பிரிக்காவிலிருந்தே. 2016-இல் செயல்படத் தொடங்கிய ஆதித்ய பிர்லா ஹெல்த் இன்சூரன்ஸ், அந்நாட்டின் எம்எம்ஐ குழுமத்துடன் கூட்டாக அமைந்தது. எம்எம்ஐ அங்கே வைட்டாலிட்டிக்குப் போட்டியாக ஒரு வெகுமதித் திட்டத்தை நடத்திவந்த நிறுவனம். இங்கே அவர்கள் கொண்டுவந்த ‘ஹெல்த் ரிட்டர்ன்ஸ்’ பிரீமியத்தில் ஒரு பங்கைத் திருப்பித்தருகிறது. ஒரு நாளில் 10,000 காலடி நடந்தாலோ அரை மணி நேரம் ஜிம்மில் இருந்தாலோ அது ‘சுறுசுறுப்பான நாள்’. மாதத்தில் எத்தனை நாள் சேர்ந்தது என்பதோடு இதய ஆரோக்கிய மதிப்பெண்ணும் பார்க்கப்படும். தொடக்ககால அட்டவணையில் மதிப்பெண் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பிரிந்திருந்தது. பச்சைக்காரரும் சிவப்புக்காரரும் ஒரே எண்ணிக்கையில் நடந்தாலும் பச்சைக்காரருக்கே அதிகம் திரும்பும். ரத்தக்கொதிப்போடு மூச்சுவாங்க நடந்து முடித்தவரின் உழைப்புக்கு விலை குறைவு. உழைப்புக்கா உடம்புக்கா வெகுமதி என்ற ஐயத்தை அந்த அட்டவணையே தீர்த்துவைக்கிறது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-இல் வெளியிட்ட நலவாழ்வு வழிகாட்டுதல்கள், ஜிம், யோகா மையம், விளையாட்டு மன்றம் ஆகியவற்றில் சேர்வதற்கான கூப்பன்களையும், புதுப்பிக்கும்போது பிரீமியத் தள்ளுபடியையும் வெளிப்படையாக அனுமதித்தன. குடும்பக் கணக்கில் இது எவ்வளவு? ஒரு வீட்டின் ஆண்டுப் பிரீமியம் ரூ.20,000, திரும்புவது 30% என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ரூ.6,000, மாதம் ரூ.500. நகரத்து நடுத்தர ஜிம்மில் ஒரு மாதக் கட்டணத்தில் ஒரு பகுதி. பூங்காவில் நடப்பவருக்கு முழு லாபம். இதற்காகவே ஜிம்மில் சேர்பவருக்குக் கைப்பணம் போகும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18% ஜிஎஸ்டி நீங்கியதும், ஜிம் கட்டணத்தின் மீதான வரி 18-லிருந்து 5 சதவீதமானதும், எந்த அடியையும் எண்ணாமல் எல்லாருக்கும் கிடைத்த சேமிப்பு.

எண்ணும் கருவி எதை எண்ணுகிறது என்பதும் சிறிய விஷயமன்று. காலை ஐந்தரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, துவைத்து, மாடிக்கும் கீழுக்கும் இருபது முறை அலையும் பெண்ணின் கைபேசி அடுப்படி அலமாரியில் சார்ஜில் கிடக்கிறது. அவள் கணக்கில் அன்று 800 அடி. கணவர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாலையில் நடந்து 10,000 காட்டுகிறார். இருவருக்கும் பாலிசி ஒன்றுதான்.

வெகுமதியை ஒழித்துவிட வேண்டும் என்பதில்லை. ஒழுங்குமுறை ஆணையம் இரண்டு கேட்கலாம். வெகுமதி பெற்றவர்களில் எத்தனை பேர் சேர்ந்த முதல் மாதத்திலேயே இலக்கை எட்டியிருந்தார்கள் என்பதை நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அந்தப் பங்கு உயர உயர, திட்டம் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது என்று பொருள். அடுத்தது, ஒருவரின் பழைய அளவிலிருந்து எவ்வளவு கூடியது என்பதற்கு வெகுமதி தருவது. இதற்கு நேர்மையான எதிர்ப்பு ஒன்று உண்டு: முதல் மாதம் வேண்டுமென்றே சோம்பிக் கிடந்து அடிப்படை அளவைத் தாழ்த்திக்கொள்பவர்கள் வருவார்கள். வரட்டும். அவர்களும் இரண்டாம் மாதம் நடந்தாக வேண்டும். நிறுவனங்கள் இம்முறையை விரும்பாததற்குக் காரணம் அந்த ஏமாற்று அல்ல என்றே நினைக்கிறேன். 3,000 அடியிலிருந்து 6,000-க்கு வரும் நீரிழிவுக்காரரை இம்முறை வரவேற்கும், அவரோடு அவருடைய க்ளைமும் வரும்.