குத்துச்சண்டையில் திறந்த மதிப்பெண் முறை

திறந்த மதிப்பெண் முறை என்பது, குத்துச்சண்டைப் பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே, நடுவர்கள் அதுவரை இட்டுள்ள மதிப்பெண்களைப் போட்டியாளர்களுக்கும் அவர்களுடைய பயிற்சியாளர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் அறிவிக்கும் ஏற்பாடாகும். தொழில்முறைக் குத்துச்சண்டையின் பெரும்பகுதியில் இந்த வழக்கம் இல்லை. கடைசி மணி அடித்து, அறிவிப்பாளர் மூன்று நடுவர்களின் கூட்டுத்தொகையையும் படித்து முடிக்கும்வரை, முன்னிலையில் இருந்தவர் யார் என்பது சண்டையிட்ட இருவருக்குமே தெரியாது. கிரிக்கெட்டிலும் கால்பந்திலும் மல்யுத்தத்திலும் எண்ணிக்கை பலகையில் தெரிய ஆட்டம் நடக்க, உடலுக்கு மிகுந்த ஆபத்தைத் தரும் விளையாட்டுகளுள் ஒன்றான இதில் மட்டும் கணக்கு மறைத்துவைக்கப்படுவது ஏன் என்பதே இம்முறையை ஆதரிப்போர் எழுப்பும் கேள்வி.

மறைக்கப்படுவது எது என்பதை அறிய, மதிப்பெண் இடும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று நடைமுறையில் உள்ளது பத்துப் புள்ளி முறை. மேடையின் மூன்று பக்கங்களில் தனித்தனியே அமர்ந்திருக்கும் மூன்று நடுவர்களும், ஒவ்வொரு சுற்றிலும் மேலோங்கியவருக்கு 10 புள்ளியும் மற்றவருக்கு 9 புள்ளியும் தருவர். ஒருவர் அடிபட்டுத் தரையில் விழுந்தால் அவருக்குப் பெரும்பாலும் 8 புள்ளியே கிடைக்கும். நெவாடா போன்ற அமெரிக்க மாநிலங்களில், சுற்று முடிந்ததும் நடுவர் எழுதிய சீட்டை, மேடைக்குள் நின்று சண்டையை நடத்தும் ரெஃப்ரி வாங்கி, ஆணையத்தின் மேசையில் ஒப்படைக்கிறார். அதன்பின் அந்த எண்ணை நடுவர் நினைத்தாலும் மாற்ற இயலாது. ஆக, மதிப்பெண் சுற்றுக்குச் சுற்று முடிவாகி, கூட்டப்பட்டு, காகிதத்தில் கிடக்கிறது. அதை உரக்கப் படிக்காமல் இருப்பதுதான் மரபு.

இந்த மரபும் மிகப் பழையது என்று சொல்வதற்கில்லை. நியூயார்க்கில் 1911 முதல் 1917 வரை நடப்பிலிருந்த சட்டத்தின்கீழ், இருவரும் கடைசிவரை நின்றுவிட்டால் அதிகாரபூர்வத் தீர்ப்பே கிடையாது. மறுநாள் செய்தித்தாள்கள் எழுதியதே தீர்ப்பாகக் கொள்ளப்பட்டது. 1920இல் வந்த வாக்கர் சட்டத்துக்குப் பின்னரே அங்கு நடுவர்களின் தீர்ப்பு நிலைபெற்றது. பிரிட்டனிலோ ரெஃப்ரி ஒருவரே மதிப்பெண்ணும் இட்டு, மணி அடித்தவுடன் வென்றவரின் கையை உயர்த்தும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது.

கணக்கு தெரியாமல் சண்டையிடுவதன் விலையை, 1990 மார்ச் 17 அன்று லாஸ் வேகாஸில் மெக்சிகோவின் ஹூலியோ சேசர் சாவேஸும் அமெரிக்காவின் மெல்ட்ரிக் டெய்லரும் மோதிய பட்டப்போட்டியைப் போலக் காட்டும் நிகழ்வு வேறில்லை. 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற டெய்லர், கைவேகத்தால் சுற்றுகளைக் குவித்துக்கொண்டே வந்தார். ஆனால் எண்ணிக்கையில் குறைந்தாலும் கனத்தில் மிஞ்சிய சாவேஸின் அடிகளால் அவருடைய முகம் வீங்கி, வாயில் இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. பதினொரு சுற்று முடிவில் ஒரு நடுவரின் அட்டையில் 107-102 என்றும் இன்னொருவரின் அட்டையில் 108-101 என்றும் டெய்லர் முன்னிலையில் இருந்தார். மூன்றாமவர் மட்டும் 105-104 என்று சாவேஸுக்குத் தந்திருந்தார். அதாவது, கடைசிச் சுற்றில் ஒருமுறை விழுந்து 10-8 என்று இழந்திருந்தாலும், மூன்று நிமிடமும் தாக்குப்பிடித்திருந்தால் பட்டம் டெய்லருக்கே. அவருடைய பயிற்சியாளர் குழுவோ இதை அறியாமல், கடைசிச் சுற்றையும் வென்றாக வேண்டும் என்று சொல்லி அனுப்பியது. விலகி நின்றிருக்கக்கூடிய டெய்லர் நெருங்கிப் போரிட்டார். சாவேஸின் வலக்கையடியில் விழுந்தார். எழுந்து நின்றவர் ரெஃப்ரி ரிச்சர்ட் ஸ்டீலின் கேள்விக்குப் பதில் தராததால், இரண்டு நொடி மீதமிருக்கையில் சண்டை நிறுத்தப்பட்டது. ஸ்டீல் செய்தது சரியா என்று அன்றிலிருந்து வாதாடுகிறார்கள். மேசையில் கிடந்த இரண்டு எண்கள் டெய்லரின் குழுவுக்கு எட்டியிருந்தால் அந்த வாதமே எழுந்திராது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

1999 செப்டம்பர் 18 அன்று ஆஸ்கார் டி லா ஹோயா இதற்கு நேர்மாறான பிழையைச் செய்தார். ஃபெலிக்ஸ் டிரினிடாடுக்கு எதிராகத் தாம் நன்கு முன்னேறிவிட்டதாக நம்பி, கடைசிச் சுற்றுகளில் அடிப்பதை விட்டு மேடையைச் சுற்றிவந்தார். 115-113, 115-114, 114-114 என்ற பெரும்பான்மைத் தீர்ப்பில், அதாவது இரு நடுவர் ஒருவருக்குத் தர மூன்றாமவர் சமன் என்று சொல்லும் தீர்ப்பில், தோற்றார். ஒருவர் தேவையின்றித் துணிந்தார், இன்னொருவர் தேவையின்றி அடங்கினார்; இருவரையும் கெடுத்தது ஊகமே.

எனினும், மோசமான தீர்ப்புகளைத் திறந்த முறை தடுத்துவிடும் என்ற பரவலான நம்பிக்கைக்கு ஆதாரம் போதாது. 1999 மார்ச்சில் நியூயார்க்கில் லெனாக்ஸ் லூயிஸ் தெளிவாக வென்றதாகப் பெரும்பாலோர் கண்ட சண்டையில், ஒரு நடுவர் 115-113 என்று இவாண்டர் ஹோலிஃபீல்டுக்குத் தர, முடிவு சமனானது. லூயிஸ் ஓங்கி நின்ற ஐந்தாம் சுற்றையும் அந்த நடுவர் ஹோலிஃபீல்டுக்கே அளித்திருந்தார். அம்மதிப்பெண் இடையிலேயே வெளிவந்திருந்தால் லூயிஸ் இன்னும் மூர்க்கமாகச் சண்டையிட்டிருக்கக்கூடும். நடுவரின் கண் திருந்தியிருக்காது. தவறு வெளிப்படும் நேரத்தை இம்முறை முன்னே கொண்டுவருகிறது, தவற்றைத் திருத்தும் சுமையையோ அதனால் பாதிக்கப்பட்டவரின் தோளில் ஏற்றுகிறது.

மெக்சிகோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட உலகக் குத்துச்சண்டை கவுன்சில், தன் பன்னிரண்டு சுற்றுப் பட்டப்போட்டிகளில் நான்காம், எட்டாம் சுற்றுகளுக்குப் பின் மதிப்பெண்ணை அறிவிக்கும் விதியை வகுத்துள்ளது; உள்ளூர் ஆணையம் ஒப்பினால் மட்டுமே அது செல்லும். டெக்சாஸில் 2013 ஏப்ரல் 20 அன்று, சான் அன்டோனியோவின் அலமோடோமில், கனெலோ ஆல்வாரெஸும் ஆஸ்டின் டிரவுட்டும் மோதியபோது இவ்விதி கடைப்பிடிக்கப்பட்டது. ஏழாம் சுற்றில் கனெலோவின் நேர் வலக்கையடியில் டிரவுட் ஒருமுறை விழுந்தது தவிர, மற்றச் சுற்றுகள் பலவும் எவர் பக்கமும் சொல்லத்தக்கவையாக இருந்தன. ஆனால் எட்டாம் சுற்றுக்குப் பின் படிக்கப்பட்ட எண்களில் ஒன்று 80-71. அந்த நடுவர் எட்டுச் சுற்றையும் கனெலோவுக்கே தந்திருந்தார். அந்த அட்டையில் டிரவுட்டுக்கு எஞ்சியது நாக் அவுட் ஒன்றே. கனெலோ அதன்பின் அவசரப்பட வேண்டியிருக்கவில்லை. அதே அட்டை 118-109 என்று முடிந்ததிலிருந்து, கடைசி நான்கு சுற்றுகளை இருவரும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டதைக் காணலாம். மற்ற இரு அட்டைகள் 116-111, 115-112 என முடிந்தன. சண்டை நெருக்கமானது என்று எண்ணியிருந்த பார்வையாளருக்கு, மூன்றில் ஒரு பங்கு மீதமிருக்கையிலேயே முடிவு தெரிந்துவிட்ட உணர்வு வந்தது. எதிர்ப்பாளர்கள் சுட்டும் குறைகளில் இதுவே கனமானது.

நடுவர்களைப் பற்றிய குறை அடுத்தது. தன் அட்டை மற்ற இருவரின் அட்டையிலிருந்து வெகுதூரம் விலகியிருப்பதை அரங்கம் முழுவதும் கேட்டுவிட்டால், அடுத்த சுற்றுகளில் ஒரு நடுவர் கூட்டத்தோடு ஒத்துப்போக முனையலாம். உள்ளூர் வீரர் பின்தங்குவதை அறிந்த கூட்டத்தின் கூச்சலும் அந்த நடுவர்மேல் பாயும். இதற்கு மாறாக, தோற்கும் நிலை உறுதியாகிவிட்ட வீரரின் பயிற்சியாளர், வெல்ல வழியில்லை என்பதைக் கண்கூடாக அறிந்து, கூடுதல் அடி விழுமுன் சண்டையைக் கைவிட முன்வருவார் என்ற வாதமும் உண்டு. ஆனால் அதே தகவல் எதிர்விளைவையும் உண்டாக்கக்கூடியது. நாக் அவுட் ஒன்றே வழி என்று அறிந்த வீரர் காப்பை விட்டுப் பாய்ந்து, வாங்க வேண்டியதற்கு மேல் வாங்கவும் கூடும்.

அமெச்சூர் குத்துச்சண்டை இவ்விவாதத்தை வேறு வழியாகக் கடந்தது. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில், 32 குத்துகளுக்கு எதிராக 86 குத்துகளைப் பதித்த ராய் ஜோன்ஸ், தென்கொரியாவின் பார்க் சி-ஹுன்னிடம் 3-2 என்று தோற்றதாக அறிவிக்கப்பட்டதால் எழுந்த அவமானத்தின் விளைவாக, 1992 பார்சிலோனாவிலிருந்து ஒலிம்பிக்கில் கணினி முறை வந்தது. ஐந்து நடுவர்களில் மூவரேனும் ஒரே நொடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் குத்து கணக்கில் சேரும். அது 2013இல் கைவிடப்பட்டு, பத்துப் புள்ளி முறை இங்கும் வந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஐந்து நடுவர்களின் மதிப்பெண்களும் காட்டப்பட்டன.

வெளிப்படுத்துவதால் மட்டும் தெளிவு வந்துவிடாது என்பதற்கு அங்கேயே ஓர் இந்தியச் சான்று கிடைத்தது. 2021 ஜூலை 29 அன்று கொலம்பியாவின் இங்கிரிட் வாலென்சியாவை எதிர்கொண்ட மேரி கோம், முதல் சுற்றில் ஐந்தில் நான்கு நடுவர்களை இழந்து, அடுத்த இரு சுற்றுகளிலும் 3-2 என்று முந்தினார். மூன்றில் இரண்டு சுற்றை வென்றவர் ஆட்டத்தையும் வென்றிருப்பார் என்றே எவரும் எண்ணுவர். கணக்கோ நடுவர்வாரியாகக் கூட்டப்படுகிறது: ஒவ்வொரு நடுவரும் மூன்று சுற்றுக்கும் இட்ட மொத்தத்தில் யார் முந்தினார் என்பதைப் பார்த்து, ஐந்தில் மூவர் எவர் பக்கம் என்று எண்ணப்படுகிறது. அவ்வழியில் வாலென்சியா 3-2 என்று வென்றார். தாம் தோற்றதைச் சற்று நேரம் கழித்தே அறிந்ததாக மேரி கோம் பின்னர் கூறினார்.

கலப்புத் தற்காப்புச் சண்டையில், கான்சாஸ் மாநில ஆணையத்தின் ஒப்புதலோடு இன்விக்டா என்னும் பெண்கள் போட்டி அமைப்பு 2020 மார்ச்சில் ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் மதிப்பெண்ணைப் பயிற்சியாளர் குழுக்களுக்கும் ஒளிபரப்பைப் பார்ப்போருக்கும் அறிவிக்கத் தொடங்கியது. அரங்கில் உரக்கப் படிக்காமல் இரு பயிற்சியாளர் குழுக்களுக்கு மட்டும் எண்ணைத் தெரிவிப்பது, டெய்லருக்கு நேர்ந்ததைத் தவிர்த்துக்கொண்டே கூட்டத்தின் நெருக்குதலையும் குறைக்கும் நடுவழியாகத் தோன்றுகிறது. தொழில்முறைக் குத்துச்சண்டையின் பெரிய ஆணையங்கள் இன்னும் அதைப் பொதுவிதியாக ஏற்கவில்லை. லாஸ் வேகாஸின் பெரும் பந்தயங்களில் ரெஃப்ரி சீட்டுகளை வாங்கி மேசையில் கொடுப்பதும், அவை கடைசி மணிவரை அங்கேயே இருப்பதும் தொடர்கின்றன.