இ-சிகரெட் கலன்களில் கசிவும் தெறிப்பும்: ஒரு பழுதின் வரலாறு

இ-சிகரெட் எனப்படும் மின்னணு சிகரெட், நிகோட்டின் கலந்த திரவத்தை மின்கலத்தின் ஆற்றலால் சூடாக்கி ஆவியாக்கும் கருவியாகும். இதன் கலனிலிருந்து திரவம் வெளியே ஒழுகுவது கசிவு. இழுக்கும்போது சூடான துளிகள் வாய்க்குள் வந்து விழுவது தெறிப்பு. இவ்விரண்டும் கருவி தோன்றிய நாள் முதல் அதனுடன் இருந்துவரும் பழுதுகள். இவற்றைத் தீர்க்க எடுக்கப்பட்ட முயற்சிகளே இக்கருவியின் உருவத்தைப் பலமுறை மாற்றின. இப்பழுதுகளின் காரணங்களையும், நீலகிரி போன்ற மலைப்பகுதியில் கசிவு மிகுவதன் அறிவியலையும், பழுது குறைந்தபின் எழுந்த சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றம்

மருந்துப் பொருள்களை மின்சாரத்தால் ஆவியாக்கும் கருவி ஒன்றுக்கு அமெரிக்காவின் ஜோசப் ராபின்சன் 1927இல் விண்ணப்பித்து 1930இல் காப்புரிமை பெற்றார். புகையும் புகையிலையும் இல்லாத சிகரெட் ஒன்றுக்கு ஹெர்பர்ட் கில்பர்ட் 1963இல் விண்ணப்பித்து 1965இல் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் சந்தையில் இடம்பெறவில்லை. இன்றைய இ-சிகரெட்டின் முன்னோடியை 2003இல் சீன மருந்தாளுநர் ஹான் லிக் உருவாக்கினார். அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். ஹான் லிக்கின் முதல் கருவி மீயொலி அதிர்வால் திரவத்தை நுண்துளிகளாக்கியது. பின்னர் வந்தவற்றில் சூடேறும் கம்பிச்சுருளே நிலைபெற்றது.

தொடக்ககாலக் கருவிகளில் தனிக் கலன் இல்லை. திரவத்தில் நனைத்த பஞ்சு போன்ற இழை ஒரு சிறு குப்பிக்குள் திணிக்கப்பட்டிருந்தது. இழை அதிகம் நனைந்தால் திரவம் வாய்க்கு வரும். உலர்ந்தால் கருகிய சுவை வரும். இந்தத் தொல்லைக்குத் தீர்வாகச் சுருளையும் இழையையும் ஒரே உறையில் வைத்தனர். அடுத்து, திரவத்தின் அளவு வெளியில் தெரியும்படியான ஒளிபுகும் கலன் வந்தது. திரவம் இழையிலிருந்து விடுபட்டுக் கலனுக்குள் தளும்பத் தொடங்கியதும் கசிவு பெரும் சிக்கலாயிற்று.

கலன் கசியாமல் நிற்பது எப்படி?

நீர் நிறைந்த டம்ளரை அட்டையால் மூடிக் கவிழ்த்தால் நீர் கொட்டாமல் நிற்பதைப் பள்ளிச் சோதனையில் பார்த்திருப்போம். வெளிக்காற்றின் அழுத்தமே அட்டையைத் தாங்குகிறது. இ-சிகரெட் கலனிலும் இதே தத்துவம்தான். மேற்பகுதி காற்றுப்புகாமல் மூடப்பட்டிருக்கிறது. அடியில் உள்ள பருத்தித் திரி நுண்புழை ஈர்ப்பால் திரவத்தைப் பிடித்துக்கொள்கிறது. சுருள் சூடேறித் திரியிலுள்ள திரவம் ஆவியாகும்போது, அதே அளவு திரவம் கலனிலிருந்து இறங்குகிறது. அதற்கு ஈடாகச் சிறு காற்றுக்குமிழ் ஒன்று மேலே ஏறுகிறது.

இந்தச் சமநிலை குலைந்தால் கசிவு ஏற்படும். ரப்பர் வளையம் தேய்ந்திருத்தல், மரை சரியாகப் பொருந்தாமை, திரி பழையதாதல், திரவம் மிகவும் நீர்த்திருத்தல், கருவியைப் படுக்கவைத்தல் ஆகியவை பொதுவான காரணங்கள். வளையத்தையும் சுருளையும் மாற்றுவது, கருவியை நிமிர்த்தி வைப்பது ஆகியவை பயனர்கள் கைக்கொண்ட தீர்வுகள். பிற்காலத்து வடிவமைப்பாளர்கள் காற்றுத்துளையைக் கலனின் அடியிலிருந்து மேற்பகுதிக்கு மாற்றினர். இதனால் சுருளில் தேங்கும் திரவம் வெளியேற வழி குறைந்தது.

தெறிப்பு

தாளிக்கும் கரண்டியில் ஈரம் இருந்தால் எண்ணெய் வெடித்துத் தெறிக்கும். இ-சிகரெட்டின் தெறிப்பும் அத்தகையதே. திரவத்தின் முக்கியப் பொருள்களான புரொப்பிலீன் கிளைக்கால் 188 பாகை செல்சியசிலும் கிளிசரின் 290 பாகையிலும் கொதிப்பவை. திரி தாங்கக்கூடிய அளவுக்கு மேல் திரவம் சுருளைச் சூழ்ந்தால், சுருளை ஒட்டிய பகுதி முதலில் கொதித்துக் குமிழாகிறது. குமிழ் வெடிக்கும்போது மேலிருக்கும் திரவம் துளிகளாகப் புகைக்குழாய் வழியே வாய்க்குள் தள்ளப்படுகிறது. பலமாக உறிஞ்சுவதும் சுருளுக்குத் தேவையான வெப்பம் கிடைக்காமையும் இதை மிகுவிக்கும். குழாயில் குளிர்ந்து தங்கிய துளிகளும் சில வேளைகளில் தெறிக்கின்றன. எனவே மெதுவாக இழுப்பதும், தேங்கிய திரவத்தைத் துடைத்தெடுப்பதும் இதற்குத் தீர்வாகக் கூறப்பட்டன.

மலையேற்றமும் காற்றழுத்தமும்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் உள்ளது. குன்னூர் 1,850 மீட்டர், உதகமண்டலம் 2,240 மீட்டர். மலை ரயில் 46 கிலோமீட்டர் தொலைவில் கடக்கும் இந்த உயர வேறுபாட்டில், காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. சமவெளியில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் குன்னூரை நெருங்கும்போது உப்பியிருப்பதும், சட்டைப் பையிலிருந்த மைப்பேனா ஒழுகுவதும் இதனால்தான்.

மூடிய கலனுக்குள் சமவெளியின் அழுத்தத்தில் அடைபட்ட காற்று, மேலே வந்ததும் விரிகிறது. வெப்பநிலை மாறாதிருந்தால் 1 மில்லிலிட்டர் காற்று ஏறத்தாழ 1.25 மில்லிலிட்டராகும். கூடுதலான கால் மில்லிலிட்டர் இடத்திலிருந்து தள்ளப்படும் திரவம் திரி வழியே வெளியேறும். இது ஏறத்தாழ ஐந்து துளி. பாதி காலியான கலனில் காற்று அதிகமாக இருப்பதால் கசிவும் அதிகம். முழுதும் நிறைந்த பேனாவைவிடக் கொஞ்சம் மை எஞ்சிய பேனா மிகுதியாக ஒழுகுவதற்கும் இதுவே காரணம். பயணிகள் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் பொதுவாக 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்கு இணையாக வைக்கப்படுகிறது. விமானத்தில் நேரும் கசிவும் உதகைச் சாலையில் நேரும் கசிவும் ஒன்றே என்பது இதனால் விளங்கும்.

உதகையின் குளிர் இதற்கு நேரெதிரான மற்றொரு தொல்லையைத் தரக்கூடியது. குளிரில் கிளிசரின் கெட்டிப்படும். திரி வேண்டிய வேகத்தில் நனையாததால் கருகிய சுவை வரும். அதைச் சரிசெய்ய நினைத்துப் பலமாக உறிஞ்சினால் சுருளில் திரவம் நிரம்பித் தெறிப்பு தொடங்கும்.

கசிவின் ஆபத்து

மை கசிந்தால் சட்டை கெடும். நிகோட்டின் கசிந்தால் ஆள் கெடக்கூடும். நிகோட்டின் ஒருகாலத்தில் பூச்சிக்கொல்லியாகப் பயன்படுத்தப்பட்ட நஞ்சு. அது தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். இனிப்பு மணமுள்ள திரவத்தைக் குழந்தைகள் வாயில் வைத்துவிடும் அபாயமும் உண்டு. இதனால் கசிவு சட்டத்துக்குரிய பொருளாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருள் விதிகள், கலன் உடையாமலும் கசியாமலும் இருக்கவேண்டும் என்றும், கசிவின்றி நிரப்பும் ஏற்பாடு வேண்டும் என்றும் கூறின. கலனின் கொள்ளளவு 2 மில்லிலிட்டருக்கும், நிகோட்டின் அளவு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கும் மேற்படக்கூடாது என்றும் வரையறுத்தன.

மூடிய குப்பியும் மாணவர்களும்

பயனரே திரவத்தை நிரப்பும் முறையைக் கைவிட்டு, தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடிய சிறு குப்பியைப் பயன்படுத்தும் கருவிகள் பின்னர் பரவின. அமெரிக்காவில் 2015இல் வந்த ஜூல் இவ்வகையில் பெயர்பெற்றது. கசிவு பெருமளவு குறைந்தது. நிரப்பும் வேலையும் சுருள் மாற்றும் வேலையும் இல்லாமற்போயின. ஆனால் அதன் திரவத்தில் நிகோட்டின் உப்பு வடிவில் இருந்ததால், மில்லிலிட்டருக்கு 59 மில்லிகிராம் என்ற மிகுந்த அளவும் தொண்டையை உறுத்தவில்லை. கருவியோ கணினியில் செருகும் பென் டிரைவ் போலிருந்தது. பள்ளிப் பைக்குள் எளிதில் மறைந்தது. 2018 டிசம்பரில் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி, இளைஞரிடையே இ-சிகரெட் பயன்பாடு கொள்ளைநோயாகப் பரவியுள்ளதாக அறிவித்தார்.

கசிவும் தெறிப்பும் ஒரு வகையில் தடையாக இருந்தன. கையெல்லாம் பிசுபிசுப்பாக்கி, பழுதுபார்க்கும் பொறுமையைக் கேட்ட கருவி சிறுவர்களை எளிதில் ஈர்க்கவில்லை. பழுது குறைந்ததும் அந்தத் தடை நீங்கியது.

தடைச் சட்டம்

நீலகிரியை ஒட்டிய கர்நாடகமும் கேரளமும் 2016இல் இ-சிகரெட்டைத் தடைசெய்தன. தமிழ்நாடு அரசு 2018 செப்டம்பரில் தடைவிதித்தது. 2019 செப்டம்பர் 18 அன்று நடுவண் அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றத்தின் சட்டமாயிற்று. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றுக்கு முதல்முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மறுமுறை மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இருப்பு வைத்தலுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு.

எனவே இந்தியாவில் கசியும் கலனுக்கு உதிரிப்பாகம் விற்கும் முறையான கடை இல்லை. கசிந்த கருவியைக் காண நேரும் ஆசிரியரும் பெற்றோரும் வெறுங்கையால் துடைக்காமல், பட்ட இடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு உடனே கழுவவேண்டும். கருவியின் உள்ளே லித்தியம் மின்கலம் இருப்பதால் அதைக் குப்பைத் தீயிலோ புல்வெளியிலோ எறியாமல் மின்னணுக் கழிவாகச் சேர்க்கவேண்டும். குழந்தை திரவத்தை விழுங்கியிருந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.