அலரும் கண்காணிப்பும்: நெடுங்கேணியிலிருந்து ஒரு நோக்கு

பிறர் வாழ்வினுள் எட்டிப்பார்க்கும் ஆவலைத் தனிமனிதர் சிலரின் குணக்கேடாகக் கருதுவோர் பலர். கலை இலக்கியங்களை வரலாற்று நோக்கில் ஆராயுமிடத்து, அது ஒரு சமூக உறவு என்பதும், யார் யாரைப் பார்க்கின்றனர் என்ற வினாவே அதன் மையம் என்பதும் புலனாகும்.

சங்க அகப்பாடல்களில் இவ்வாவல் அம்பல், அலர் என இரு நிலைகளிற் பேசப்படுகின்றது. ஒருசிலர் தமக்குள் முணுமுணுப்பது அம்பல். ஊரறியப் பரவுவது அலர். களவொழுக்கத்தைக் கரணத்தோடு கூடிய மணத்தினுள் கொண்டுவரும் அழுத்தமாக அலர் தொழிற்பட்டது. நிலமும் உடைமையும் குடிவழி உரிமையாக வளர்ந்துவந்த சமூகத்திலே, பெண்ணின் காதல் ஊரின் விசாரணைக்கு உள்ளானது இயல்பே எனக் கருத இடமுண்டு.

ஆயினும் அலரை வெறும் அடக்குமுறையாகக் கொள்ளல் பொருந்தாது. குறுந்தொகை 25ஆம் பாடலிலே கபிலர் காட்டும் தலைவிக்கு, தலைவன் தந்த வாக்கின் சாட்சியாக இருந்தது மீனுக்குக் காத்துநின்ற குருகு ஒன்றே. மறைவு அவளுக்குச் சுதந்திரம் தந்தது. அதே மறைவு அவளிடமிருந்து சாட்சியைப் பறித்தது. திருக்குறளின் 115ஆம் அதிகாரமாகிய ‘அலரறிவுறுத்தல்’ ஊர்ப்பேச்சைக் காதலுக்கு எருவாகக் காண்பதும் இம்முரணின் வெளிப்பாடேயாம். மேலும், அகத்திணையில் ஒருவரது இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. ஊர் பெயர் சொல்லித் தூற்றியதைக் கவிதை பெயர் மறைத்துப் பேசிற்று.

வவுனியா வடக்கிலுள்ள நெடுங்கேணியின் பெயரிலேயே கேணி உண்டு. குளத்தையும் வயலையும் நம்பி வாழும் வன்னிக் கிராமங்களில் நீரெடுக்கும் இடம் ஊர்ப்பேச்சின் களமுமாகும். அங்கே பார்ப்பவரும் பார்க்கப்படுவர். இன்று அலர் தூற்றியவள் நாளை அதற்கு ஆளாகலாம்.

காலனித்துவ அரசின் ஆவலோ வேறு வகையினது. இலங்கையின் முதலாவது குடிசன மதிப்பீடு 1871இல் நடைபெற்றது. வன்னி மாவட்டங்கள் பற்றி ஜே. பி. லூயிஸ் எழுதிய கையேடு 1895இல் வெளிவந்தது. ஆய்வாளருக்கு அது அரிய ஆவணமே. எனினும் கேட்கும் உரிமை கச்சேரிக்கும், விடையளிக்கும் கடமை குடிகளுக்கும் உரியதாயிற்று. 2009இல் போர் முடிந்தபின், மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டுப் பதியப்பட்ட இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இவ்வொருவழிப் பார்வையின் உச்சத்தைக் கண்டனர்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரத்தில் தொடர் போராட்டம் தொடங்கினர். யாவற்றையும் பதிந்துகொண்ட அரசிடம் அவர்கள் கேட்டது, தம் பிள்ளைகளுக்கு நேர்ந்தது யாதென்பதே.

எனவே, அலர் இலக்கியத்தை ஆராய்வோர் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். தானும் பார்வைக்கு உட்பட்டு நிற்கும் ஊரின் ஆவல் வேறு. தான் மறைந்துநின்று பிறரைப் பதியும் அதிகாரத்தின் ஆவல் வேறு.