ஆதிதிராவிடர்: பதிவேட்டில் ஏறிய பெயர்

2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 20 பேர். கடலூர் மாவட்டத்தில் 29 பேருக்கு மேல். சிதம்பரம் மக்களவைத் தொகுதியே தனித்தொகுதி. இங்கே பள்ளி விடுதிக்கும் உதவித்தொகைக்கும் வாசல் சாதிச் சான்றிதழ். அதில் அடிக்கடி காணும் சொல் ‘ஆதிதிராவிடர்’. கேட்டால் பழம்பெயர் போலிருக்கும். அரசு ஏற்று நூற்றுச் சொச்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன.

இரண்டு பாதியும் வடமொழி உருவம். ‘தமிழ்’ என்பதே த்ரமிள, த்ராவிட என்று திரிந்ததாகப் பலர் கொள்வர். 1856இல் கால்டுவெல் அதை மொழிக்குடும்பத்தின் பெயராக நிலைநிறுத்தினார். ஒடுக்கப்பட்டவர்களே மண்ணின் பூர்வகுடிகள் என்ற வாதத்துக்கு அச்சொல்லை எடுத்தாண்டவர் அயோத்திதாசப் பண்டிதர். 1891இல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். இரட்டைமலை சீனிவாசன் போன வழி வேறு. 1893இல் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். துணிச்சலில் எனக்கு அவர்தான் ஒரு படி மேல்.

அரசோ ‘பஞ்சமர்’ என்று எழுதிக்கொண்டிருந்தது. நால்வருணத்துக்கு வெளியே நிற்கும் ஐந்தாமவர். பள்ளிகளும் பஞ்சமர் பள்ளிகள். 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்: பறையர், பஞ்சமர் என்பவற்றை விட்டு, அவர்களில் தமிழரை ஆதிதிராவிடர் என்றும் தெலுங்கரை ஆதிஆந்திரர் என்றும் அழைக்க வேண்டும். அரசு ஏற்றது. கன்னட நாட்டில் ஆதிகர்நாடகர், பஞ்சாபில் ஆத் தர்மம் என்று அந்தச் சிறு முன்னொட்டு வெகுதூரம் போயிற்று. நாங்கள் முந்தியவர்கள், நீங்கள்தான் பிந்தி வந்தவர்கள் என்று அது சொல்லாமல் சொன்னது.

சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் தொடங்கிய பள்ளிக்கு இந்தப் பெயர்கள் எதுவும் வேண்டியிருக்கவில்லை. நந்தனார் பள்ளி, அவ்வளவுதான். பெரியபுராணம் அந்த நாயனாரைத் திருநாளைப்போவார் என்கிறது. அவர் பெயரால் பிள்ளைகள் அன்றைக்கே பள்ளிக்குப் போனார்கள்.

பிறகு காந்தியின் ‘ஹரிஜன்’, 1935 சட்டத்தின் ‘அட்டவணைச் சாதி’. சுதந்திரத்துக்குப் பிந்தைய பட்டியலில் ஆதிதிராவிடர் ஒரு வரி, பறையர் இன்னொரு வரி. ஒரே குலத்தார் இரண்டு இடத்தில் எண்ணப்படலாம். அமெரிக்காவில் ‘ஹிஸ்பானிக்’ என்ற பெயரின் கதை இதற்கு மறுபக்கம். 1980 கணக்கெடுப்பு ‘நீங்கள் ஹிஸ்பானிக்கா’ என்ற கேள்வியை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோனது. மெக்சிகோக்காரரும் கியூபாக்காரரும் ஒரே கட்டத்துக்குள் வந்தார்கள். கட்டத்துக்குள் வராதவரைக் கொள்கை வகுப்பவர் பார்ப்பதில்லை.

இங்கே ஹரிஜன நலத்துறை ஆதிதிராவிடர் நலத்துறை ஆனபோது, ஒரு குழுவின் பெயர் பட்டியல் முழுமைக்கும் போர்வையாயிற்று. அதில் எல்லோருக்கும் ஒப்புதல் இல்லை. பள்ளர், குடும்பர் உள்ளிட்ட ஏழு பிரிவினர் 2021இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேவேந்திரகுல வேளாளர் என்ற தனிப்பெயர் பெற்றார்கள். பெயர் மாறாமலே பங்கு பிரிந்ததும் உண்டு: 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது.

இழிவைக் கழிக்க வந்த சொல், பள்ளிப் பலகையில் ஏறியதும் பிள்ளையின் சாதியைத் தெருவுக்கே அறிவித்தது. 2025 ஜூலையில் அரசு விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. அதில் இடம் கேட்கும் பிள்ளை நீட்ட வேண்டியது இன்றும் அதே சாதிச் சான்றிதழ்.