இரண்டு பட்டறைகள்: உதயகிரியின் வலூன் கப்பித்தானும் திண்டுக்கல் மலைக்கோட்டையும்

1790 ஆகஸ்டில் திண்டுக்கல் மலைக்கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. காரணம் கேட்டால் மூன்றாம் மைசூர்ப் போர் என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்தப் போருக்குக் காரணம், மலையாள நாட்டில் ஒரு நீண்ட மண்மதிலைத் திப்பு தாக்கியது. மதிலை எழுப்பியவர் அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே இறந்து, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் அடக்கமாகிவிட்டார். பெயர் யூஸ்டேச்சியஸ் பெனடிக்டஸ் டி லானாய். நம் ஊர் வரலாற்றை எழுதியவர்கள் ஹைதரில் தொடங்கித் திப்புவில் முடித்துவிடுவதால் இந்த மனிதர் அதில் இடம் பெற்றதில்லை. இடம் பெற வேண்டியவர் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அவர் யார் என்பதில் உள்ள குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். டச்சுத் தளபதி என்பார்கள், பெல்ஜியத்துக்காரர் என்பார்கள். பெல்ஜியம் என்ற நாடு உருவானதே 1830-இல்தான். லானாய் என்பது லீல் நகரை ஒட்டிய ஒரு சிற்றூர். அந்தச் சீமைக்கே வலூன் பிளாண்டர்ஸ் என்று பெயர். பிளாண்டர்ஸ் நாட்டுக்குள் பிரெஞ்சு பேசிய பகுதி அது. அந்த ஊர்ப்பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டவர்கள் உலகெங்கும் சிதறினார்கள். லெய்டன் நகரின் வலூன் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்ற பிலிப் டி லானாய் 1621-இல் அமெரிக்காவின் பிளிமத் குடியேற்றத்தில் கரையேறினார். பெயர் டெலனோ என்று தேய்ந்தது. அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் டெலனோ ரூஸ்வெல்ட்டின் நடுப்பெயர் அப்படி வந்ததே. 1624-இல் ஒல்லாந்தர் இன்றைய நியூயார்க் பகுதியில் குடியமர்த்திய முதல் முப்பது குடும்பங்களில் பெரும்பாலோரும் வலூன்களே. ஸ்பெயினின் கத்தோலிக்க ஆட்சிக்குத் தப்பிய புராட்டஸ்டண்ட் அகதிகள் அவர்கள்.

நம்முடைய டி லானாய் அந்த வகையல்ல. 1715-இல் அராஸ் நகரில் பிறந்த கத்தோலிக்கர். அராஸ் அப்போது பிரெஞ்சு மன்னரின் ஆட்சியில் இருந்தது. ஆக, வேரால் வலூன், பிறப்பால் பிரெஞ்சுக் குடி, சம்பளத்தால் டச்சு. ஒல்லாந்துக் கும்பினியின் படையில் ஜெர்மானியரும் பிளாண்டர்ஸ்காரரும் பிரெஞ்சுக்காரரும் கலந்தே இருந்தார்கள். கூலிக்குக் கப்பலேறியவனின் மதத்தைக் கும்பினி பெரிதாகத் துருவவில்லை.

அவரைக் கரைசேர்த்தது மிளகு. திருவிதாங்கூரின் மார்த்தாண்ட வர்மா அண்டைச் சிற்றரசுகளை ஒவ்வொன்றாக விழுங்க, ஒல்லாந்தரின் மிளகு ஒப்பந்தங்கள் செல்லாக்காசாயின. இலங்கை ஆளுநர் வான் இம்ஹாப் 1739-இல் நேரில் வந்து மிரட்டியும் பயனில்லை. 1741-இல் ஒல்லாந்தர் குளச்சலில் இறங்கி, கடற்கரை ஊர்களைப் பிடித்துக்கொண்டு பத்மநாபபுரத்தை நோக்கி நகர்ந்தார்கள். அவர்களுக்கு வரவேண்டிய துணைப்படை வரவில்லை. 1740-இல் ஜாவாத் தீவின் பத்தாவியாவில் சீனர்களை ஒல்லாந்தர் கொன்று குவித்ததன் விளைவாக ஜாவா முழுவதும் போர் மூண்டிருந்தது. அனுப்ப அங்கே ஆளில்லை. குளச்சல் முகாமில் வெடிமருந்து தீப்பிடித்து அரிசி எல்லாம் கருகியது. ஆகஸ்டில் சரணடைந்தார்கள். பிடிபட்ட ஐரோப்பியர் இருபத்துச் சொச்சம் பேரே. அவர்களுள் டி லானாயும் ஒருவர்.

பத்மநாபபுரம் அரண்மனையில் உள்ள ஓவியத்தில் டி லானாய் தளபதியாக மன்னர் முன் பணிந்து நிற்கிறார். பிற்கால ஓவியம் அது. டச்சு ஆவணங்களின் வழியே போனால், குளச்சல் படையெடுப்பின் கேப்டனாக வருபவர் ஹாக்கர்ட் என்பவர். தோற்றவன் பெரியவனாக இருந்தால் வென்றவனுக்குப் பெருமை கூடும். அரண்மனை நினைவு டி லானாயை அப்படி உயர்த்தியிருக்கலாம் என்பது என் ஊகம். அவர் உண்மையில் உயர்ந்தது அதற்குப் பிறகு, தன் கைத்திறனால்.

கைதியாக உதயகிரியில் வைக்கப்பட்டவர் அதே கோட்டையைக் கருங்கல்லில் எடுத்துக் கட்டும் பணிக்குப் பொறுப்பானார். உள்ளே பீரங்கி வார்க்கும் பட்டறை அமைந்தது. நாயர் வீரர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சியும் அணிவகுப்பும் அங்கேதான் நடந்தன. வலிய கப்பித்தான் என்ற பட்டம் வந்தது. கோட்டைக்கே மக்கள் தில்லானைக் கோட்டை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே பழகிய அரண்மனை அலுவலர் ஒருவர், நட்டாலம் நீலகண்ட பிள்ளை, டி லானாயின் பேச்சால் கிறித்தவத்தில் ஈடுபட்டு 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் வத்திக்கான் புனிதராக அறிவித்த தேவசகாயம் அவரே. நண்பர் சிறைப்பட்டுச் செத்தபோதும் டி லானாய் அதே மன்னரிடம் வேலை பார்த்தார். நெருடலான இடம் இது. பக்தி நூல்கள் இதை விரைந்து கடந்துவிடுகின்றன. அதற்கடுத்த ஆண்டு, 1753-இல், டி லானாயின் பழைய எஜமானர்களான ஒல்லாந்தர் மாவேலிக்கரை ஒப்பந்தத்தில் மலபாரில் அரசியல் ஆசையைக் கைவிட்டார்கள்.

இனி நம் ஊர். மதுரை நாயக்கர் காலத்தில் பாறைமேல் எழுந்த திண்டுக்கல் கோட்டை 1740-களில் மைசூர் வசமானது. 1755-இல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக (படை ஆளுநராக) வந்தார். சுற்றிலும் பணிய மறுத்த பாளையங்கள். கையில் சிறிய படை. புதுச்சேரியிலிருந்தும் திருச்சி, ஸ்ரீரங்கம் பகுதியிலிருந்தும் பிரெஞ்சு வல்லுநர்களை வரவழைத்து, பீரங்கிக்கும் வெடிமருந்துக்குமான ஆயுதச்சாலை ஒன்றை நிறுவினார். மைசூரின் பிற்காலப் படைபலத்துக்கு முதல் விதை இங்கே விழுந்தது. பூட்டுக்கும் தோலுக்கும் பேர்போன ஊர், அதற்கு முன் பீரங்கிக்குப் பேர் வாங்கியிருந்தது. 1760-இல் வத்தலக்குண்டுக்காக மைசூர்ப் படையும் மதுரையை ஆண்ட யூசுப் கானும் முட்டிக்கொண்டபோது, சமவெளியும் அதன் ருசியை அறிந்தது.

ஆக, பதினைந்து ஆண்டு இடைவெளியில் தென்கோடியில் ஒன்றும் இங்கே ஒன்றுமாக இரண்டு பட்டறைகள். இரண்டிலும் கேட்ட அந்நிய மொழி பிரெஞ்சு. உதயகிரியில் ஒரு கைதி, திண்டுக்கல்லில் கூலிக்கு வந்தவர்கள், வேறுபாடு அவ்வளவே. இரண்டுக்கும் நேரடித் தொடர்பும் வர இருந்தது. வடக்குச் சிற்றரசர்களின் கலகத்தை அடக்க மார்த்தாண்ட வர்மா திண்டுக்கல்லிலிருந்த ஹைதரின் உதவியைக் கேட்டார் என்று 1878-இல் வெளியான சங்குண்ணி மேனோனின் திருவிதாங்கூர் வரலாறு சொல்கிறது. செய்தி கேட்டதும் கலகக்காரர்கள் அடங்கிவிட, மன்னர் 'வேண்டாம்' என்றார். ஹைதரோ கிளம்பத் தயாரான செலவுக்கு ஈடு கேட்டார். அந்தக் கணக்கு தீரவே இல்லை.

1758-இல் பட்டத்துக்கு வந்த கார்த்திகைத் திருநாள் ராம வர்மா காலத்தில் டி லானாய் தன் பெரிய வேலையைத் தொடங்கினார். கொச்சி நாட்டின் வடக்கே, கடலோரக் கிருஷ்ணன்கோட்டையிலிருந்து ஆனைமலை வரை ஏறத்தாழ 30 மைலுக்கு மண்மதில், அதன் முன்னே அகழி, அகழியை ஒட்டி முள்மூங்கில் அடர்ப்பு. நெடுங்கோட்டை என்று பெயர். முதலில் கோழிக்கோட்டுச் சாமூதிரியை மனத்தில் வைத்துத் தொடங்கியது, 1766-இல் ஹைதர் மலபாருக்குள் இறங்கியதும் மைசூருக்கான அரணாயிற்று. இதனிடையே 1765-இல் களக்காட்டுச் சண்டையில் மகன் ஜோஹன்னஸ் 19 வயதில் இறந்தான். தகப்பனாருக்கு அதற்குப் பிறகும் பன்னிரண்டு ஆண்டு உழைப்பு மீதமிருந்தது.

1789-இல் ஒல்லாந்தர் கொடுங்கல்லூர்க் கோட்டையைத் திருவிதாங்கூருக்கு விற்றார்கள். டி லானாய் கைதியானபோது அவரைக் கைவிட்ட கும்பினி, அவர் வளர்த்த அரசிடமே கடைசியில் கோட்டையை விற்றுக் காசு வாங்கியது! திப்பு இதை ஏற்கவில்லை. டிசம்பர் 29 விடியலில் மதிலுக்குள் நுழைந்த மைசூர்ப் படையைப் பக்கவாட்டிலிருந்து ஒரு சிறு கூட்டம் சுட, நெரிசலில் அகழி பிணங்களால் நிரம்பியது. திப்பு பல்லக்கையும் வாளையும் விட்டுவிட்டுத் தப்பினார். மதிலை மிகைப்படுத்தவும் கூடாது: 1790 ஏப்ரலில் பெரிய பீரங்கிகளைக் கொண்டுவந்து அதை உடைத்தே விட்டார். ஆனால் அந்த நான்கு மாதத்தில் விவகாரம் திருவிதாங்கூரின் கையை மீறிவிட்டது. 1784-ஆம் ஆண்டு மங்களூர் உடன்படிக்கையில் திருவிதாங்கூர் ஆங்கிலேயரின் நட்பு நாடு. அதன் மதிலைத் தொட்டது போருக்கான காரணம் என்று ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் முடிவு செய்தார்.

போரில் முதலில் அடி விழுந்த கோட்டைகளில் ஒன்று திண்டுக்கல். கர்னல் ஸ்டூவர்ட்டின் பீரங்கிகள் சுவரில் சரியான பிளவுகூட உண்டாக்கவில்லை. இரவுத் தாக்குதல் தோல்வி. மறுநாள் காலை உள்ளிருந்தவர்களே சரணடைந்தார்கள். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தம் அதை நிரந்தரமாக்கியது. 1789 டிசம்பரிலேயே மதில் விழுந்திருந்தால் திப்பு திருவிதாங்கூருக்குள் வெகுதூரம் போயிருப்பார். அப்போதும் போர் வந்திருக்கும். ஆனால் திண்டுக்கல் இவ்வளவு சீக்கிரம் கைமாறியிருக்குமா என்பது ஐயமே.

உதயகிரிக் கோட்டை இன்று தமிழக வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. கூரையிழந்த தேவாலயத்துக்குள் டி லானாய், மனைவி மார்கரிட்டா, மகன் மூவரின் கல்லறைகளும் இருக்கின்றன. 1777 ஜூன் 1 அன்று 62 வயதில் இறந்தார், ஏறத்தாழ 37 ஆண்டு மன்னருக்கு ஊழியம் செய்தார் என்று கல் சொல்கிறது. லத்தீனில் ஒரு வாசகம், தமிழில் ஒன்று. அவருடைய தாய்மொழியான பிரெஞ்சுக்கு அங்கே இடமில்லை. திண்டுக்கல்லில் ஹைதரின் தங்கை பெயரால் பேகம்பூர் இருக்கிறது. ஆயுதச்சாலை அமைத்த பிரெஞ்சுக்காரர்களுக்கு இங்கே ஒரு கல்கூடக் கிடையாது.