நெல்லூர்ச் சாராய எதிர்ப்புப் போராட்டமும் இல்லற வன்முறையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பெண்கள்மீது அவர்தம் வாழ்க்கைத் துணைவர் நிகழ்த்தும் வன்முறைக்குரிய இடர்க் காரணிகளுள் குடிப்பழக்கம் முதன்மையானதாகச் சுட்டப்படுகிறது. ஆயினும் இடர்க் காரணி வேறு, மூலகாரணம் வேறு. இவ்விரண்டும் ஒன்றாகக் கொள்ளப்படும்போது அரசின் கொள்கை எவ்வாறு குறுகிவிடுகிறது என்பதற்கு, ஆந்திரப் பிரதேசத்தின் நெல்லூர் மாவட்டத்தில் 1992இல் வலுப்பெற்ற சாராய எதிர்ப்புப் போராட்டம் தக்க சான்றாகும். பெண்கள் முன்வைத்தவற்றுள் அரசு எதனை ஏற்றது, எதனை விடுத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

போராட்டத்தின் தோற்றம்

1990களின் தொடக்கத்தில் நெல்லூரில் முழு எழுத்தறிவு இயக்கம் நடைபெற்றது. அதன் இரவு வகுப்புகள் கூலிப் பெண்கள் கூடிப் பேசும் களமாயின. துபகுண்டா என்னும் சிற்றூரில் பெண்கள் ஒன்றுதிரண்டு சாராயக் கடையை மூடச் செய்தனர். அந்நிகழ்வு எழுத்தறிவுப் பாடநூலில் ஒரு பாடமாக இடம்பெற்றது. அதனைப் படித்த பிற ஊர்ப் பெண்களும் தத்தம் ஊர்களில் கடைகளை மறித்தனர். அவ்வூரைச் சேர்ந்த ரோசம்மா இப்போராட்டத்தின் அடையாளமாக அறியப்பட்டார். சாராயக் கடை ஏலத்தைத் தடுக்கும் அளவுக்குப் போராட்டம் வளர்ந்தது.

கூலி, குடி, அடி

பெண்களின் முறையீட்டில் மூன்று செய்திகள் பிணைந்திருந்தன. கணவனின் கூலி கடைக்குச் சென்றது. மனைவியின் கூலியும் பறிக்கப்பட்டது. தர மறுத்தவள் அடிபட்டாள். இங்குக் குடி வன்முறையைத் தூண்டியது என்பது உண்மையே. எனினும், மனைவியின் உழைப்பின்மீதும் உடலின்மீதும் கணவனுக்கு உரிமையுண்டு என்ற எண்ணமே அதற்கு அடித்தளமாக இருந்தது.

அரசின் மறுமொழி

1993 அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதும் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1994 தேர்தலில் வெற்றிபெற்ற என்.டி.ராமராவ் அரசு 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது. வருவாய் இழப்பைக் காரணங்காட்டி 1997இல் அது தளர்த்தப்பட்டது. மூன்று செய்திகளுள் குடியை மட்டுமே அரசு தன் கொள்கைக்கு உரியதாக்கியது. கூலியும் அடியும் குடும்பத்திற்குள்ளேயே விடப்பட்டன. மதுவிலக்கு தளர்ந்தபோது பெண்களுக்குக் கிடைத்திருந்த ஒரே காப்பும் தளர்ந்தது.

சட்டத்தின் எல்லை

கணவனின் கொடுமையைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு 1983 முதலே நடைமுறையில் இருந்தது. ஆயின் அது தண்டனையை மட்டுமே வழங்கியது. புகார் அளித்த பெண் எங்குத் தங்குவாள், எதை உண்பாள் என்ற வினாக்களுக்கு அதில் விடையில்லை. கடைக்கு எதிராக ஊரே திரள முடிந்தது. கணவனுக்கு எதிராகக் காவல் நிலையத்திற்குச் செல்பவளோ தனியள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமே பொருளாதாரத் துன்புறுத்தலையும் வன்முறையாக வரையறுத்து, பெண்ணின் குடியிருப்பு உரிமையையும் ஏற்றது. கூலி பறிக்கப்படுவதை வன்முறையின் பகுதியாகவே கண்ட நெல்லூர்ப் பெண்களின் பார்வை, அச்சட்டத்திற்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் முந்தியது.

முடிவுரை

2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான இந்தியப் பெண்களுள் 29.3 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு உள்ளாகியுள்ளனர். குடிப்பழக்கமற்ற கணவரின் மனைவியரும் இதில் அடங்குவர். எனவே குடியைக் கட்டுப்படுத்துவது தேவையானது, ஆனால் போதுமானதன்று. பெண்ணின் வருவாய், இருப்பிடம், ஊர்த் துணை ஆகியவற்றையும் சேர்த்து உறுதிசெய்யும் கொள்கையே நெல்லூர்ப் பெண்களின் முறையீட்டிற்கு முழுமையான விடையாகும்.